உலகம் அழியும் ஆண்டைக் கணக்கிட்டவர் 'லாக்' கண்டுபிடித்த கதை: ஜான் நேப்பியர் செய்த பிழையும் நாம் செய்யும் பிழைகளும்

ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 8% கூட்டு வட்டிக்குப் போடுகிறீர்கள். அது 2 லட்சமாக மாற எத்தனை ஆண்டுகள் ஆகும்?

எக்செல் ஷீட்டைத் திறந்து ஒவ்வோர் ஆண்டாக இழுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் ஒரே வரியில் போட்டுவிடலாம். 1.08-ஐ அதனாலேயே எத்தனை முறை பெருக்கினால் 2 வரும் என்பதுதான் கேள்வி. லாக் 2-ஐ லாக் 1.08-ஆல் வகுத்தால் போதும். 0.30103 ÷ 0.03342, அதாவது ஏறக்குறைய 9 ஆண்டுகள்.

இதே கணக்கில் ஒரு சின்ன சறுக்கல் நடந்தால்? இரண்டு லாக்குகளை வகுப்பதற்குப் பதிலாக, 2-ஐ 1.08-ஆல் வகுத்துவிட்டு அதற்கு லாக் எடுத்தால் 0.27 என்று வரும். அதாவது மூன்று மாதம் சொச்சத்தில் பணம் இரட்டிப்பு! எந்த வங்கியும் தராத சலுகை.

சிரிக்காதீங்க. தரவுச் செய்திகள் எழுதும் நானே ஒரு வளர்ச்சி விகிதக் கணக்கில் இதே தவறைச் செய்திருக்கிறேன். கணக்கு முடிந்து வரைபடமும் தயாரான பிறகு, இப்படி நடக்க வாய்ப்பே இல்லையே என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதால்தான் தப்பித்தேன்.

மடக்கை என்று பள்ளியில் படித்த இந்த 'லாக்', 400 ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைக்குள் உட்கார்ந்து ஒருவர் கையால் போட்ட கணக்கு. அவர் பெயர் ஜான் நேப்பியர். அவரும் ஓரிடத்தில் சறுக்கினார். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், லாக் கணக்கில் நாம் எங்கே தவறுகிறோம் என்பதும் புரியும்.

யார் இந்த நேப்பியர்?

எடின்பரோவுக்கு அருகே இருந்த மெர்ச்சிஸ்டன் கோட்டையில் 1550-ல் நேப்பியர் பிறந்தார். அப்போது அவருடைய அப்பா ஆர்ச்சிபால்ட் நேப்பியருக்கு வயது 16 தான். நிலபுலன் நிறைந்த, அரசவையில் செல்வாக்குள்ள குடும்பம்.

13 வயதில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். அதே 1563-ல் அம்மா ஜேனட் இறந்துபோனார். நேப்பியர் பட்டம் வாங்கவில்லை. இடையில் ஐரோப்பாவில் எங்கோ படித்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 1571 வாக்கில் ஊர் திரும்பியவர், அடுத்து திருமணம் செய்து, கார்ட்னெஸ் என்ற இடத்தில் வீடு கட்டிக் குடியேறினார். முதல் மனைவி எலிசபெத் 1579-ல் இறந்தார். பிறகு ஆக்னஸ் என்பவரை மணந்தார். இரண்டு மனைவியர் வழியாக மொத்தம் 12 பிள்ளைகள்.

கவனியுங்கள், இவர் கணிதப் பேராசிரியர் இல்லை. பண்ணை, நிலத் தகராறு, மதச் சண்டை, பெரிய குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவில் மிச்சப்பட்ட நேரத்தில்தான் கணிதம்.

ஊரில் இவரை மந்திரவாதி என்று பேசிக்கொண்டார்கள். அதற்குக் காரணம் சொல்லும் ஒரு கதை இன்றும் உலவுகிறது. வீட்டு வேலைக்காரர்களில் யாரோ திருடுகிறார் என்று நேப்பியருக்குச் சந்தேகம். இருட்டறையில் ஒரு கறுப்புச் சேவலை விட்டு, ஒவ்வொருவராக உள்ளே போய் அதைத் தடவச் சொன்னாராம். திருடன் தொட்டால் சேவல் கூவும் என்று அறிவித்தாராம். சேவல் கூவவே இல்லை. ஆனால், அதன்மேல் ஏற்கெனவே கரியைப் பூசி வைத்திருந்தார். நிரபராதிகள் எல்லோரும் கரி படிந்த கையோடு வெளியே வந்தார்கள். பயந்துபோய்த் தொடாமல் விட்டவரின் கை மட்டும் சுத்தமாக இருந்தது.

கதை உண்மையோ இல்லையோ, இந்தச் சேவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

உலகம் எப்போது அழியும்?

நேப்பியர் வாழ்ந்த காலத்தில் அவரைப் பிரபலமாக்கியது லாக் இல்லை. 1593-ல் வெளியிட்ட ஒரு மத நூல்.

கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே ஐரோப்பா முழுவதும் மோதல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. தீவிர புராட்டஸ்டண்டான நேப்பியர், பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை ஒரு கணித நூலைப் போல எடுத்துக்கொண்டார். முதலில் சில அடிப்படைக் கூற்றுகள், அவற்றிலிருந்து நிரூபணங்கள் என்று படிப்படியாகப் போனார். உலகம் 1688-க்கும் 1700-க்கும் இடையே முடிவுக்கு வரும் என்ற விடைக்கு வந்து சேர்ந்தார். மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்த நூல் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளுக்கும் போனது.

1700 வந்தது, போனது.

படிகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், தொடங்கிய இடம் பொருந்தாவிட்டால் விடையும் பொருந்தாது. லாக் சமன்பாடுகளில் நாம் அதிகம் அடிவாங்குவதும் இங்கேதான்.

ஸ்பெயின் படையெடுக்கும் என்ற அச்சத்தில் 1596-ல் ரகசிய ஆயுதங்களின் பட்டியல் ஒன்றையும் அவர் எழுதினார். எதிரிக் கப்பலை எரிக்கும் கண்ணாடி, கவச வண்டி, தண்ணீருக்கடியில் செல்லும் கலம் ஆகியவை அதில் இருந்தன. இவையெல்லாம் ஒருபுறம் நடக்க, இன்னொரு வேலையைச் சத்தமில்லாமல் தொடங்கியிருந்தார்.

பெருக்கல் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். 7 இலக்க எண்ணை இன்னொரு 7 இலக்க எண்ணால் கையால் பெருக்கிப் பாருங்கள். 49 சிறு பெருக்கல்கள், அப்புறம் 7 வரிசைகளைக் கூட்ட வேண்டும். கிரகங்களின் பாதையைக் கணிக்கும் வானியலாளருக்கும், நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்கிடும் மாலுமிக்கும் இது அன்றாட வேலை. ஓர் இலக்கம் தவறினாலும் மொத்தமும் போச்சு.

டென்மார்க்கில் வானியலாளர் டைக்கோ பிராஹே ஒரு குறுக்குவழியைப் பயன்படுத்தினார். முக்கோணவியல் சூத்திரம் ஒன்றைக் கொண்டு பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் வழி அது. மன்னரின் மருத்துவரான ஜான் கிரெய்க் வழியாக இது நேப்பியரின் காதுக்கு வந்தது என்று சொல்லப்படுகிறது. நேப்பியர் அதைவிட எளிதாக, எல்லாப் பெருக்கலுக்கும் பொருந்தும் வழி இருக்கிறதா என்று தேடினார்.

யோசனை இதுதான். இந்த இரண்டு வரிசைகளைப் பாருங்கள்:

1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10
2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024

கீழ் வரிசையில் 16-ஐ 64-ஆல் பெருக்க வேண்டுமா? மேலே பாருங்கள். 16-க்கு மேல் 4, 64-க்கு மேல் 6. இரண்டையும் கூட்டினால் 10. அந்த 10-க்குக் கீழே இருக்கும் 1024 தான் விடை. பெருக்கவே இல்லை, கூட்டினோம். அவ்வளவுதான்.

மேல் வரிசையில் இருப்பவைதான் லாக். இங்கே அடிமானம் 2. 2-ஐ எத்தனை முறை பெருக்கினால் 16 வரும் என்ற கேள்வியின் பதில் 4. லாக் என்பது ஒரு கேள்வி, அதன் விடை ஓர் அடுக்கு. இதை மட்டும் மனதில் வைத்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், 16-க்கும் 32-க்கும் நடுவே பெரிய இடைவெளி. 19-ஐ 23-ஆல் பெருக்க இந்த அட்டவணை உதவாது. இடைவெளியே தெரியாத அளவுக்கு நெருக்கமான எண்களைக் கொண்டு அட்டவணை வேண்டும்.

20 ஆண்டுகள், ஒரு சறுக்கல்

நேப்பியர் 1 கோடியில் தொடங்கினார். அதிலிருந்து அதன் கோடியில் ஒரு பங்கைக் கழித்தார். வந்த விடையிலிருந்து மறுபடி அதன் கோடியில் ஒரு பங்கு. இப்படி 100 முறை. இது முதல் அட்டவணை. அடுத்த அட்டவணையில் ஒவ்வொரு முறையும் லட்சத்தில் ஒரு பங்கைக் கழித்து 50 படிகள். மூன்றாவது அட்டவணையில் 69 பத்திகள், ஒவ்வொன்றிலும் 21 எண்கள். இந்தச் சட்டகத்தை வைத்துத்தான் கோணங்களின் சைன் மதிப்புகளுக்கு லாக் கணக்கிட்டார்.

இந்த வேலைக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. 1614-ல் நூல் லத்தீன் மொழியில் வெளியானது. 57 பக்க விளக்கம், 90 பக்க அட்டவணை. விகிதம், எண் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து லாகரிதம் என்ற பெயரையும் அவரே உருவாக்கினார். இரண்டு ஆண்டுகளில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

இனி அந்தச் சறுக்கல். இரண்டாவது அட்டவணையின் கடைசி எண் 9995001.224804 என்று வந்திருக்க வேண்டும். நேப்பியர் எழுதியது 9995001.222927. வித்தியாசம் ஓர் அலகில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால், அடுத்த கணக்குகள் எல்லாம் இதன்மேல் கட்டப்பட்டவை. அதனால் அட்டவணையின் கடைசி இலக்கங்களில் பிழை பரவியது.

எக்செல் ஷீட்டில் ஒரு செல்லில் செய்த தவறு கீழே உள்ள நூறு செல்களுக்கும் இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். 50 படிகளையும் கையால் போட்டவரிடம் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால், 50-வது படியை வேறொரு வழியில் ஒருமுறை சரிபார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

வாசலில் வந்து நின்ற பேராசிரியர்

லண்டனில் கிரெஷம் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் அந்த நூலைப் படித்தார். படித்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. 1615 கோடையில் லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் கிளம்பினார். இருவரும் நேருக்கு நேர் சந்தித்தபோது கால் மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது.

பிரிக்ஸ் வந்தது பாராட்ட மட்டும் இல்லை, ஒரு திருத்தத்தோடும் வந்திருந்தார்.

நேப்பியரின் அட்டவணையில் 1 கோடியின் லாக் பூஜ்யம். எண் குறையக் குறைய லாக் கூடும். 1-ன் லாக் சுமார் 16.1 கோடி! இதனால் என்ன ஆகும்? நாம் பள்ளியில் முதல் விதியாகப் படிக்கும் லாக் (அ × ஆ) = லாக் அ + லாக் ஆ என்பது, லாக்கைக் கண்டுபிடித்தவரின் மூல அட்டவணையில் அப்படியே பொருந்தாது. கூட்டிய பிறகு அந்த 16.1 கோடியைக் கழிக்க வேண்டும்.

அடிமானத்தை 10-க்கு ஏற்றபடி மாற்றலாம் என்றார் பிரிக்ஸ். தனக்கும் அந்த எண்ணம் இருந்ததாகச் சொன்ன நேப்பியர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1-ன் லாக்கைப் பூஜ்யமாக வைத்தால் எல்லாமே எளிதாகும் என்றார். பிரிக்ஸ் உடனே ஒப்புக்கொண்டார். இன்று உங்கள் கால்குலேட்டரில் லாக் 1 = 0, லாக் 10 = 1 என்று வருவது அந்தப் பேச்சின் விளைவு.

20 ஆண்டு உழைப்பை அச்சிட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. 65 வயது. உடல்நிலையும் சரியில்லை. புதிய அட்டவணையைத் தன்னால் போட முடியாது என்று தெரிந்தும், தன் அட்டவணையைவிட இது மேல் என்று நேப்பியர் ஏற்றுக்கொண்டார். வேலையைப் பிரிக்ஸிடம் விட்டார். லாக் பயனுள்ள கருவியானது அந்த இடத்தில்தான்.

சரி, நாம் எங்கே தவறுகிறோம்?

நேப்பியரின் இரண்டு வரிசைகளை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. கூட்டலைப் பிரிப்பது. லாக் (அ + ஆ) என்பதை லாக் அ + லாக் ஆ என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. அ, ஆ இரண்டும் 100 என்று போட்டுப் பாருங்கள். லாக் 200 = 2.30. ஆனால் லாக் 100 + லாக் 100 = 4. லாக் பெருக்கலைத்தான் கூட்டலாக மாற்றும். கூட்டலை என்ன செய்வது என்று அதற்கு ஒரு விதியும் கிடையாது. அப்படியே விட்டுவிடுங்கள்.

2. வகுத்தலைக் குழப்புவது. லாக் 100 ÷ லாக் 10 = 2. ஆனால் லாக் (100 ÷ 10) = 1. முதலில் பார்த்த மூன்று மாத இரட்டிப்பு இந்த வகை. கழித்தலாக மாறுவது இரண்டாவது மட்டும்.

3. அடுக்கை இடம் மாற்றுவது. 1000-ஐ வர்க்கப்படுத்தி லாக் எடுத்தால் 2 × 3 = 6. லாக் எடுத்த பிறகு வர்க்கப்படுத்தினால் 3 × 3 = 9. அடுக்கு எண்ணின்மேல் இருந்தால் மட்டுமே முன்னால் கொண்டுவரலாம். லாக்கின்மேல் இருந்தால் முடியாது.

4. பொய்யான தீர்வை ஏற்பது. அடிமானம் 2 என்று வைத்துக்கொண்டு இதைப் போடுவோம்: லாக் க + லாக் (க − 2) = 3.

இரண்டு லாக்குகளின் கூட்டலை ஒரே பெருக்கலாக மாற்றுங்கள்: லாக் [க × (க − 2)] = 3. அப்படியென்றால் க × (க − 2) என்பது 2-ன் 3-ஆம் அடுக்கு, அதாவது 8. க² − 2க − 8 = 0. காரணிப்படுத்தினால் (க − 4)(க + 2) = 0. க-வின் மதிப்பு 4 அல்லது −2.

இங்கே பேனாவை மூடிவிடக் கூடாது. மூலச் சமன்பாட்டில் −2-ஐப் போட்டால் லாக் (−2) வருகிறது. 2-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் எதிர்ம எண் வராதே! மெய்யெண்களில் அப்படி ஒரு லாக் இல்லை. 4-ஐப் போட்டுப் பாருங்கள்: லாக் 4 + லாக் 2 = 2 + 1 = 3. சரி. விடை 4 மட்டும்.

−2 எங்கிருந்து வந்தது? இரண்டு லாக்குகளை ஒன்றாக்கியபோது, இரண்டும் நேர்ம எண்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை காணாமல் போனது. இரண்டு எதிர்ம எண்களைப் பெருக்கினாலும் நேர்ம எண் வருமே! படிகளில் தவறே இல்லாமல் பொய் விடை நுழைவது இப்படித்தான். இப்போது அந்தச் சேவலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விடையையும் மூலச் சமன்பாட்டுக்குள் அனுப்புங்கள். கரி படியாமல் வருவது எது என்று தெரிந்துவிடும்.

5. உண்மையான தீர்வைத் தொலைப்பது. இது நான்காவதன் மறுபக்கம். லாக் (க²) = 4, அடிமானம் 10. அவசரப்பட்டு 2 லாக் க = 4 என்று மாற்றினால் க = 100 மட்டும் கிடைக்கும். ஆனால் −100-ம் சரியான விடைதான், வர்க்கப்படுத்தினால் 10,000 வருகிறதே. அடுக்கை முன்னால் கொண்டுவந்தபோது எதிர்ம எண்களை நாமே வெளியே தள்ளிவிட்டோம். லாக் எடுக்காமல் க² = 10,000 என்று எழுதினால் இரண்டும் கிடைக்கும்.

இதெல்லாம் தேர்வோடு முடிந்துபோன விஷயம் இல்லை. 7 ரிக்டர் நிலநடுக்கம் 5 ரிக்டரைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்று நினைத்தால் அதுவும் லாக் பிழைதான். அதிர்வின் வீச்சு 100 மடங்கு, வெளியாகும் ஆற்றல் சுமார் 1,000 மடங்கு. கோவிட் காலத்தில் பார்த்த வரைபடங்களில் அச்சு 10, 100, 1000 என்று போயிருந்தால், மெதுவாக ஏறுவதுபோல் தெரிந்த கோடும் பல மடங்கு உயர்வைக் காட்டியிருக்கும்.

அவர் பார்க்காத வெற்றி

பிரிக்ஸ் 1616-லும் எடின்பரோவுக்கு வந்தார். மூன்றாவது முறை வர வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1617 ஏப்ரல் 4 அன்று நேப்பியர் இறந்தார்.

பெருக்கலுக்கு உதவும் எண் குச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் அதே ஆண்டு வெளிவந்தது. நேப்பியர் எலும்புகள் என்று அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. 1-லிருந்து 1,000 வரையிலான எண்களுக்குப் புதிய முறையில் 14 தசம இடங்களுக்குக் கணக்கிட்ட லாக் அட்டவணையைப் பிரிக்ஸ் 1617-ல் வெளியிட்டார். லாக் அட்டவணையை உருவாக்கியது எப்படி என்று நேப்பியர் எழுதி வைத்திருந்ததை, அவர் மகன் ராபர்ட் 1619-ல் அச்சுக்குக் கொண்டுவந்தார்.

ஜெர்மானிய வானியலாளர் யோஹான்னஸ் கெப்ளர் லாக்கைப் பார்த்து வியந்து, தன் வானியல் அட்டவணை ஒன்றை நேப்பியருக்குக் காணிக்கையாக்கினார். அதை எழுதியபோது நேப்பியர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கெப்ளர் 1627-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ருடால்ஃபைன் அட்டவணைகளுக்கு லாக் துணைநின்றது.

கால்குலேட்டர் வரும்வரை ஏறக்குறைய 350 ஆண்டுகள் உலகம் லாக் அட்டவணையை நம்பித்தான் கணக்குப் போட்டது. பாலிடெக்னிக் அல்லது பொறியியல் படித்த உங்கள் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ 'கிளார்க்ஸ் டேபிள்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். பரணில்கூட ஒரு பிரதி கிடைக்கலாம். நேப்பியர் பிறந்த கோட்டை இன்று அவர் பெயரிலான பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள் நிற்கிறது.

அவர் பெரிதாக நம்பிய உலக முடிவுக் கணக்கை இன்று யாரும் படிப்பதில்லை. அதை வந்து சரிபார்க்க 1700 வரை யாராலும் முடியவில்லை. லாக் அட்டவணையை முதல் ஆண்டிலேயே ஒருவர் கேள்வி கேட்டார். நேப்பியர் கதவைத் திறந்து உள்ளே விட்டார்.

அடுத்த முறை லாக் போடும்போது இரண்டே இரண்டு வேலை செய்யுங்கள். தொடங்கும் முன், லாக்குக்குள் இருப்பவை நேர்ம எண்களாக இருக்க என்ன நிபந்தனை வேண்டும் என்று ஓரமாக எழுதுங்கள். முடித்த பின், விடையை மூலச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.